ஸ்பனர் எடுக்குமுன் மின்னைத் துண்டியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வவுனியாவிலிருந்து ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று பரந்தன் வரை ஏ-9 வீதியின் இருமருங்கிலும், பரந்தனிலிருந்து கிழக்கே புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு வரையிலும் கார் திருத்தும் கராஜ்கள் பெருகியுள்ளன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் நாட்டில் இருந்த கார்களையே பழுது பார்த்து ஓட வேண்டியிருந்தது. இறக்குமதி திறந்த பின்னரும் புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. எனவே ஒரு காரில் கழற்றிய, மோட்டாரால் நகரும் மின்சீற்றை இன்னொரு காரில் பூட்டுவதும், கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய பாகங்களை வருவித்து மாற்றுவதும், பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் காரின் வலுவிழந்த பற்றரியைப் பிரித்துச் செல் மாற்றுவதும் எங்கள் கராஜ்களின் அன்றாட வேலையாகிவிட்டன. இந்தக் கழற்றிப் பூட்டும் வேலையில் மின்சாரம் பற்றிய எச்சரிக்கை போதாமல் இருப்பதைப் பற்றியே தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

நான் வாகன வயரிங் வேலையையே தொழிலாகக் கொண்டவன். இளைஞர் சிலருக்கு அதைப் பழக்கியும் வருகிறேன். எங்கள் ஊர்க் கைகளின் திறமையை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடமாட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளிகளைக் காட்டி இயந்திரத்தை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். பற்றரி கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். இல்லாததைக் கொண்டு வேலையை முடிக்கும் அந்தப் பழக்கம் இன்றைய கராஜ்களிலும் தொடர்கிறது. ஆனால் அன்று கைபட்ட கார்களில் 12 வோல்ற்றுக்கு மேல் தேடினால் தீப்பொறிக் கொயிலில் மட்டுமே இருந்தது. இன்று அதே கைகள் தொடும் கார்களில் 200, 500 வோல்ற்று நேரோட்டமும் (டிசி), சீற்றுக்குள்ளும் ஸ்ரியரிங்குக்குள்ளும் எயார் பாக்கை விரிக்கும் வெடிமருந்தும் இருக்கின்றன. இவற்றைக் கழற்றுவதற்கென்று ஒரு முறை உண்டு. அந்த முறையை வேலை பழகவரும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான 12 வோல்ற்று பற்றரியிலிருந்து தொடங்குகிறேன். 12 வோல்ற்று மனிதனை அடிக்காது என்பது உண்மைதான். அந்த உண்மையே பலரை அலட்சியப்படுத்துகிறது. ஈய அமிலப் பற்றரியின் இரு முனைகளும் ஓர் ஸ்பனரால் இணைந்துவிட்டால் அதனூடாகப் பாய்வது நூற்றுக்கணக்கான அம்பியர்; கையில் மோதிரமோ காப்போ உலோகப் பட்டியுள்ள மணிக்கூடோ இருந்து அது இடையில் அகப்பட்டால், கழற்ற நேரம் கிடைக்குமுன் அது சிவக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால், ஒரு பொறி பட்டாலே பற்றரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். கராஜ்களில் ‘மைனஸ்’ என்று சொல்லப்படும் மறை முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியாகப் பூட்ட வேண்டும் என்று சொல்வதன் காரணமும் இதுதான். காரின் உடல் முழுவதும் மறை முனையோடு இணைந்திருக்கிறது. நேர் முனையை முதலில் கழற்றும் ஒருவரின் ஸ்பனர் தவறி பொனற்றின் ஓரத்தில் பட்டாலே முழுச் சுற்றும் பூர்த்தியாகிவிடும். மறை முனையை முதலில் எடுத்துவிட்டால் அதே ஸ்பனர் காரின் உடலில் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. கழற்றிய கம்பி தானாகத் திரும்பி முனையில் தொடாதபடி ஒரு துணியாலோ றப்பர்த் துண்டாலோ அதைச் சுற்றி ஒதுக்கி வைப்பதற்கு அரை நிமிடம் கூடச் செல்லாது.

அடுத்து மின்சீற். கிளிநொச்சியில் நான் அடிக்கடி காணும் தவறு இதில்தான் அதிகம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொதுவாக ஒரு முன்சீற் நான்கு போல்ற்றுகளால் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். சீற்றை முன்னே நகர்த்தினால் பின் போல்ற்றுகளும், பின்னே நகர்த்தினால் முன் போல்ற்றுகளும் வெளியே தெரியும். ‘முதலில் பற்றரியைக் கழற்று’ என்ற பாடத்தை மட்டும் கேட்ட பையன் அப்படியே செய்துவிட்டு, பிறகு சீற் நகராமல் போல்ற்று மறைந்திருப்பதைக் கண்டு திகைக்கிறான். அப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து, சீற்றின் அடியிலுள்ள சொக்கற்றைப் பிடுங்கி, இரண்டு வயர்த் துண்டுகளால் ஊசி ஊசியாகத் தொட்டுப் பார்த்து மோட்டாரைத் தேடுகிறார்கள். பியூஸ் இல்லை, வரைபடம் இல்லை, எந்த வயர் எதற்கென்ற தெளிவும் இல்லை. அந்தச் சீற்றின் சாய்மானத்தின் வெளிப்பக்கத்தில் பக்கவாட்டு எயார் பாக் பொருத்தப்பட்டிருந்தால், தேடும் வயர் அதன் சொக்கற்றில் பட்ட கணமே அது வெடிக்கக்கூடும். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் முகம் சீற்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

இதற்குச் சரியான ஒழுங்கு எளிமையானது. காரின் சொந்த மின்சாரத்திலேயே சீற்றை முன்னும் பின்னும் நகர்த்தி நான்கு போல்ற்றுகளையும் எடுத்துவிட்டு, கதவு வழியாக வெளியே எடுக்க வசதியான இடத்தில் சீற்றை நிறுத்த வேண்டும். அதன் பிறகு திறப்பை அணைத்து எடுத்து, பற்றரியின் மறை முனையைக் கழற்றி, காத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னரே சீற்றின் அடியில் கையை விட்டுச் சொக்கற்றுகளைப் பிரிக்கலாம். பற்றரியை அவசரப்பட்டு முதலில் கழற்றிவிட்டால், எல்லாச் சொக்கற்றுகளும் பூட்டியபடி இருக்கும் நிலையில் அதே பற்றரியை மீண்டும் பூட்டிச் சீற்றை நகர்த்துவதே பாதுகாப்பு. வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரக்கூடாது. கழற்றி வெளியே வைத்த சீற்றின் மோட்டாரைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால், அந்த மாதிரிக்குரிய வயரிங் வரைபடத்தைப் பார்த்து, மோட்டாருக்குரிய தடித்த வயர்களை மட்டும், பியூஸ் போட்ட கம்பியால் தொட வேண்டும். சொக்கற்று பிரிந்திருக்கும் நிலையில் திறப்பைப் போடுவதும் வேண்டாம். போட்டால் எயார் பாக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கானர் கொண்டு அழிக்கும்வரை அணையாமல் நிற்கும். பிறகு அந்த விளக்கின் பல்பையே கழற்றிவிடும் ‘திருத்தம்’ நடப்பதையும் நான் கண்டிருக்கிறேன். அது காரின் உரிமையாளருக்குச் செய்யும் துரோகம்.

காத்திருக்க வேண்டும் என்றேன். எவ்வளவு நேரம்? மோதலின்போது பற்றரி நசுங்கித் துண்டிக்கப்பட்டாலும் எயார் பாக் வெடிக்க வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கப்பாசிற்றர் எனப்படும் கொள்ளளவிகள் மின்னைச் சேமித்து வைத்திருக்கின்றன. பற்றரியைக் கழற்றிய பின்னும் அந்தச் சேமிப்பு சிறிது நேரம் உயிரோடு இருக்கும். டொயோட்டாவின் திருத்தக் கையேடுகள் குறைந்தது 90 செக்கன் காத்திருக்கச் சொல்கின்றன. ஹொண்டாவும் நிசானும் மூன்று நிமிடம் என்கின்றன. எந்தக் கார் என்று யோசித்துக்கொண்டிராமல், மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம் நிற்பதையே நான் பழக்கி வருகிறேன்.

எயார் பாக்கின் வயர்களும் சொக்கற்றுகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் ரெஸ்ற் லாம்பையும், தடை அளக்கும் நிலையில் வைத்த மீற்றரையும் அங்கே கொண்டு போகக்கூடாது. உள்ளேயிருக்கும் வெடிப்பியை எழுப்ப ஓர் அம்பியரைச் சற்று மிஞ்சிய மின்னோட்டம், ஒரு செக்கனின் சிறு துணுக்கு நேரம் பாய்ந்தாலே போதும்; பை முழுவதும் விரிய ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட எடுப்பதில்லை. கழற்றிய எயார் பாக்கைத் தூக்கிச் செல்லும்போது அலங்கார மூடியுள்ள பக்கம் உடலுக்கு வெளியே பார்த்திருக்க வேண்டும். வைக்கும்போது அந்தப் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த எயார் பாக் வெடித்தால் முழுத் தொகுதியும் கூரைக்குப் பறக்கும். சீற்பெல்ற்றை இறுக்கும் கருவியிலும் இதே போன்ற வெடிமருந்து இருப்பதைப் பலர் அறியாமல், அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறார்கள். கண்டெடுத்த வெடிபொருளைத் தொடாதே என்று பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மண் இது. அதே மண்ணில், விற்பனைக்கென்று கழற்றிய எயார் பாக்குகளைக் கராஜின் மூலையில் பழைய ரயர்களோடு எறிந்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பழைய எயார் பாக்கை வாங்கி இன்னொரு காரில் பூட்டுவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த எயார் பாக்குகளின் வெடிமருந்து, வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தபின் சீர்கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சிதறல்களை முகத்தில் பாய்ச்சியமையால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான எயார் பாக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. எங்கள் நாட்டுக்கு வந்த ஜப்பானியப் பழைய கார்களில் அவை இருக்கக்கூடும். வன்னியின் வெயிலில் நின்ற காரொன்றில் கழற்றியதை, அதன் வரலாறு தெரியாமல், ஒரு தாயின் முன்னாலோ பிள்ளையின் முன்னாலோ பூட்டிவிட்டுக் காசு வாங்குவது நியாயமன்று.

வேறு சில பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செனன் முன்விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் அவற்றின் பெட்டியிலிருந்து இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் வெளிவரும்; ஆகவே விளக்கை அணைத்து, பற்றரியைத் துண்டித்த பின்பே பல்பில் கை வைக்க வேண்டும். றேடியேற்றரின் மின்விசிறி சில கார்களில் திறப்பை எடுத்த பின்னும் சூட்டுக்குத் தானாகச் சுழலும். கதவுக் கண்ணாடியின் மோட்டாரைக் கழற்றுமுன் கண்ணாடியை மேலே ஏற்றி ஒட்டி நிறுத்தாவிட்டால், அது விரல்களின் மேல் இறங்கும்.

இனி ஹைபிரிட் கார்கள். சென்ற மழைக்காலத்தில் வன்னியின் ஒரு கராஜில் நான் கண்டதை, இடத்தையும் ஆளையும் குறிப்பிடாமல் எழுதுகிறேன். டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் ஒன்றின் பின்சீற் எடுக்கப்பட்டு, அதனடியிலுள்ள உயர்வோல்ற்றுப் பற்றரியின் மூடியும் திறக்கப்பட்டிருந்தது. செல்களை இணைக்கும் செப்புத் தகடுகளின் சிறு நட்டுகளை, பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை வெறுங்கையால், காப்பிடப்படாத சாதாரண ஸ்பனரால், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். காலில் தேய்ந்த செருப்பு. சீமெந்துத் தரையில் மழைச் சாரலின் ஈரம். வலது மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு. இடது முழங்கை காரின் உடலில் ஊன்றியிருந்தது. திறப்பு டாஷ்போர்ட்டின் மேலேயே கிடந்தது. “தம்பி, சேர்விஸ் பிளக்கைக் கழற்றினீரா?” என்று கேட்டேன். “அது என்ன அண்ணை?” என்று கேட்டான். உயர்வோல்ற்று மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே உள்ள பிளக் அது. அவன் முதலாளியிடம் பேசி வேலையை நிறுத்தச் செய்தேன். அந்தப் பிள்ளை மிகுந்த கைத்திறன் உள்ளவன். அவன் நட்டுகளை ஒழுங்காக ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்த விதத்திலேயே அது தெரிந்தது. தான் எதன்மேல் கை வைத்திருக்கிறான் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

அவன் கை வைத்திருந்தது 144 வோல்ற்று நேரோட்டத்தின் மேல். முதல் தலைமுறை அக்குவாவிலும் அக்சியோ ஹைபிரிட்டிலும் தலா 7.2 வோல்ற்றுள்ள இருபது தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அப்படியான இருபத்தெட்டுத் தொகுதிகள், மொத்தம் 201.6 வோல்ற்று. முற்றிலும் மின்சாரத்தில் ஓடும் நிசான் லீஃபில் ஏறத்தாழ 360 வோல்ற்று. இவ்வளவோடு முடியவில்லை, இந்த டொயோட்டா ஹைபிரிட்டுகளில் மோட்டாரை ஓட்டுவதற்காக, மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ற்றர் என்ற பெட்டிக்குள் இது மேலும் உயர்த்தப்படுகிறது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 500 வோல்ற்று வரையும், அக்குவாவில் 520 வரையும், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 650 வரையும் அது ஏறும். மின்வாகனங்களுக்கான சர்வதேச விதிகள் 60 வோல்ற்றைத் தாண்டிய நேரோட்டத்தை ஆபத்தானதாகவே கணக்கிடுகின்றன.

எங்கள் பிள்ளைகள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இதை அளந்து பார்ப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. வீட்டில் 230 வோல்ற்று. பிழை நேர்ந்தால் ட்ரிப் சுவிச் விழும். மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க ரெஸ்ரரை வைத்தால் அதற்குள் சிறு விளக்கு எரியும். காரில் இவற்றில் எதுவும் துணைக்கு வராது. உயர்வோல்ற்றுச் சுற்று காரின் உடலோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்பதாலும், அது நேரோட்டமாக இருப்பதாலும், அந்த ரெஸ்ரர் அங்கே எரியாது. எரியாததைக் கண்டு ‘கரண்ட் இல்லை’ என்று நம்புபவன் இரண்டு கைகளாலும் இரண்டு முனைகளைத் தொட்டால், மின்னோட்டம் நெஞ்சின் ஊடாகவே பாயும். அதை வெட்டிவிட அங்கே ஒரு ட்ரிப் சுவிச்சும் கிடையாது. ஆகவே அளப்பதற்கு 1000 வோல்ற்று வரை தாங்கும் தரமுள்ள, நல்ல காப்புள்ள கம்பிகளைக் கொண்ட மீற்றரே வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீற்றரை நம்பி உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

சரியான முறையை ஒரே மூச்சில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். காரை அணைத்து, ஸ்மார்ட் திறப்பைக் காருக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஏனெனில் ஹைபிரிட் கார் இயந்திரச் சத்தமே இல்லாமல் ஓடத் தயார் நிலையில் இருக்கக்கூடும், திறப்பு அருகில் இருந்தால் எவராவது பொத்தானை அழுத்தி அதை உயிர்ப்பித்துவிடவும் கூடும். பிறகு 12 வோல்ற்று பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அது பின்பெட்டியில் இருப்பதால், கழற்றிய பின் பின்கதவை மூடிவிட்டால் மின்பூட்டு திறக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதன்பின் 1000 வோல்ற்றுக்குரிய ‘கிளாஸ் 0’ றப்பர்க் கையுறைகளை, வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை இல்லை என்று பார்த்த பின் அணிந்து, செம்மஞ்சள் கைப்பிடியுள்ள சேர்விஸ் பிளக்கை இழுத்து எடுத்து, வேலை செய்பவர் அதைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சமையலறைக் கையுறையும் வெல்டிங் தோல் கையுறையும் இதற்கு ஈடாகா. பிளக்கை எடுத்த பின் இன்வேர்ற்றருக்குள் உள்ள பெரிய கொள்ளளவி தன் மின்னை இழக்கும்வரை குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அறிவுறுத்தல். பத்து நிமிடம் கழித்தும் கையுறையைக் கழற்றக்கூடாது. மீற்றரை முதலில் ஒரு நல்ல பற்றரியில் வைத்து அது வேலை செய்கிறதென்று உறுதிசெய்து, பிறகு இன்வேர்ற்றரின் முனைகளில் அளந்து பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்து, மீண்டும் அந்த நல்ல பற்றரியில் வைத்து மீற்றர் இடையில் பழுதாகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பூச்சியத்தைக் கண்ணால் கண்ட பின்னரே உயர்வோல்ற்றுக்குரிய செம்மஞ்சள் வயரில் ஸ்பனர் போகலாம்.

இத்தனையும் செய்து முடித்த பின்னும் பற்றரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கிறது. குளத்தின் துருசைப் பூட்டினால் வாய்க்கால் வற்றுமே தவிரக் குளம் வற்றாது. சேர்விஸ் பிளக் செல்களின் தொடரை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே செல்லும் செம்மஞ்சள் வயர்களில் மின்சாரம் இல்லாமற் செய்கிறது. பெட்டிக்குள் பிரிந்து கிடக்கும் ஒவ்வொரு பகுதியும் தன் பங்கு வோல்ற்றோடுதான் இருக்கும். எனவே செல் மாற்றுபவர் கடைசி நட்டு வரை கையுறையோடும், காப்பிடப்பட்ட ஸ்பனரோடும், உலோக ஆபரணம் எதுவுமின்றியும், காய்ந்த றப்பர் விரிப்பின்மேல் நின்றும் வேலை செய்ய வேண்டும். அருகில் இன்னொருவர் இருக்க வேண்டும். நிக்கல் செல்களுக்குள் இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு எனப்படும் கடுங்காரம். கசிந்த செல்லைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் பார்வையே போகலாம். பட்ட இடத்தை நிறைந்த நீரால் உடனே கழுவ வேண்டும்.

ஏசி திருத்துபவர்களுக்கும் ஒரு சொல். பிரியஸ், அக்குவா போன்ற கார்களில் ஏசியின் கொம்பிரசர் பெல்ற்றால் சுழல்வதில்லை. அதே செம்மஞ்சள் வயரால் ஓடுகிறது. அதற்கென்று மின்கடத்தா எண்ணெய் உண்டு. மற்றக் கார்களுக்கு ஊற்றும் சாதாரண ஏசி எண்ணெயை இதில் ஊற்றினால் காப்பு கெட்டு உயர்வோல்ற்று உடலுக்குக் கசியத் தொடங்கும். ‘ஏசி வேலைதானே’ என்று கையுறையில்லாமல் கொம்பிரசரைக் கழற்றுபவரும் பற்றரி கழற்றுபவரின் அதே ஆபத்தில்தான் இருக்கிறார்.

மோதி நொருங்கிய கார்களையும் வெள்ளத்தில் நின்ற கார்களையும் தனியாகக் கவனிக்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டோம். அப்படி நீருள் நின்ற ஹைபிரிட் காரொன்றைப் பாகங்களுக்காக வாங்கிப் பிரிப்பவர், அதன் காப்புகள் எல்லாம் கெட்டிருக்கின்றன என்ற எண்ணத்தோடேயே அணுக வேண்டும். அடிபட்ட லிதியம் பற்றரி அன்று அமைதியாக இருந்துவிட்டு, பல நாட்களின் பின் தானாகத் தீப்பற்றக்கூடும். அதைக் கராஜின் கூரைக்குள் வைக்காமல், வீட்டுக்கும் மற்ற வாகனங்களுக்கும் எட்ட, வெளியில் வைக்க வேண்டும்.

எவராவது மின்தாக்குதலுக்கு உள்ளானால் ஓடிப்போய் அவரைப் பிடிக்கக்கூடாது. காய்ந்த பலகையாலோ தடியாலோ அவரை விலக்கி, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அமுக்கும் முதலுதவியை உடனே தொடங்கி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்க வேண்டும். எழுந்து நடந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். நேரோட்டம் இதயத் துடிப்பைக் குழப்பிவிட்டால் அது வெளியே தெரியாமல் இருக்கலாம்.

இவையெல்லாம் இரகசியங்கள் அல்ல. உற்பத்தியாளரின் கையேடுகளில் எழுதப்பட்டவையே. ஆனால் அந்தக் கையேடுகள் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுக் கராஜுக்கு வரும் எங்கள் பிள்ளையின் கைக்கு அவை வருவதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அதே அறிவியல் நகரில் இருக்கிறது. இவை முழுநேர மாணவருக்குச் செய்யும் பணியை நான் மதிக்கிறேன். ஏற்கெனவே கராஜில் நின்று உழைக்கும் பிள்ளை வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் படிக்கப் போக முடியாது. அவன் கூலியில் ஒரு வீடு உண்கிறது. அவனுக்காக மாலை வேளையில், அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில், உயர்வோல்ற்று வாகனங்களைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் முறையை மட்டும் தமிழில், கையுறை போட்டுச் செய்துகாட்டிப் பழக்கும் ஒரு குறும் பயிற்சியை இந்நிறுவனங்களும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் சேர்ந்து தொடங்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் மாலை பஸ் பிடித்து வந்து திரும்ப முடியாதவர்களுக்கு, அந்தப் பயிற்சியே மாதத்தில் ஒருமுறையேனும் அவ்விடங்களுக்குச் செல்ல வேண்டும். கூடவே, மேலே சொன்ன ஒழுங்கை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, எண்ணெய்க் கை பட்டாலும் கிழியாதபடி லாமினேற் செய்து கராஜ் சுவர்களில் ஒட்டக் கொடுக்க வேண்டும். செலவு மிகச் சிறியது.

பிரதேச சபைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கராஜ்களுக்கு ஆண்டுதோறும் வியாபார அனுமதிப்பத்திரம் வழங்கும்போது கழிவு எண்ணெயையும் தீயணைப்புக் கருவியையும் பற்றிக் கேட்பது போல, ‘ஹைபிரிட் வேலை செய்கிறீர்களா, செய்தால் கையுறையும் தகுந்த மீற்றரும் எங்கே’ என்றும் கேட்கட்டும். கராஜ் முதலாளிமாருக்கு இது சுமையாகத் தெரியலாம். நல்ல கையுறைச் சோடி ஒன்றின் விலை, மாற்றும் செல்கள் சிலவற்றின் விலைக்கு மேல் போகாது; அதை ஒரு தடவை வாங்கி, வெயில் படாமல் வைத்து, ஓட்டை விழுந்ததும் தயங்காமல் மாற்ற வேண்டும். வேலை பழகும் பிள்ளையிடம் ‘கெதியாய் முடி’ என்று சொல்லும் முதலாளி, அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பை அவனிடமிருந்து பறிக்கிறார் என்பதை உணர வேண்டும். கார் உரிமையாளர்களும் வாகனத்தை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் வேண்டும் என்று நிற்காதீர்கள். ஹைபிரிட் காரை ஒப்படைக்குமுன் “சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பின் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், எதைக் கொண்டு அளப்பீர்கள்” என்று கேளுங்கள். பதில் உடனே வராத கராஜில் காரை விடாதீர்கள்.

இப்படிக்கு,
வாகன மின்னிணைப்புத் தொழிலாளி ஒருவர்,
கிளிநொச்சி.